முன்பாரம், பின்பாரம்: டிராக்டரின் முன் அச்சுக்குப் பின்னால் ஒரு வரலாறு



போன தடவை தீப்பெட்டி வந்த கதையை எழுதினேன். இந்தத் தடவை டிராக்டரின் முன் அச்சைப் பற்றி எழுதுகிறேன். இதில் என்ன வரலாறு இருக்கிறது என்று சிரிக்க வேண்டாம். பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள். பட்டறை வைத்திருக்கிற தம்பிகளும் தோப்பு வைத்திருக்கிற மருமகப் பிள்ளைகளும் கட்டாயம் படியுங்கள்.

இப்போது ராஜபாளையம், சேத்தூர், வத்திராயிருப்பு பக்கம் மாந்தோப்பு, தென்னந்தோப்பு எங்கே போனாலும் மினி டிராக்டர் நிற்கிறது. மர வரிசைக்கு நடுவே பெரிய வண்டி நுழையாது. இது நுழையும். உழுவதற்கென்று வாங்குகிறார்கள். ஆறு மாதத்தில் அதன் முன்னால் ஒரு பக்கெட் முளைத்துவிடுகிறது. எரு அள்ள, மண் தள்ள, வெட்டிப்போட்ட சீமைக்கருவேலத்தைத் தூக்க, உர மூட்டையை ஏற்ற என்று அதற்கு வேலைக்குப் பஞ்சமில்லை. சிவகாசி, திருத்தங்கல் பக்கத்துப் பட்டறைகளில் நம் பையன்கள் அதைச் செய்து கொடுக்கிறார்கள். அச்சு இயந்திரத்தையே கழற்றி மாட்டுகிற கைகளுக்கு இரண்டு இரும்புக் கையும் இரண்டு ஹைட்ராலிக் சிலிண்டரும் பெரிய காரியமில்லை.

செய்து கொடுத்துச் சில மாதம் கழித்து வண்டி திரும்பி வருகிறது. முன் அச்சு வளைந்திருக்கும், அல்லது சக்கரம் இரண்டும் கால் அகட்டி நிற்கும். அதைவிட மோசமாக, வண்டி சாய்ந்து ஓட்டியவன் காலில் கட்டோடு வருவான். "எவ்வளவு கனமான இரும்பு போட்டால் தாங்கும் சார்?" என்று மூன்று பேர் என்னைக் கேட்டுவிட்டார்கள். இரும்பின் கனத்தைச் சொல்வதற்கு முன்னால், இந்தக் கேள்வியை நமக்கு முன்பு யார் யார் சந்தித்தார்கள், எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்ப்போம்.

நம் ஊரிலிருந்தே தொடங்கலாம்.

மாட்டு வண்டி ஓட்டிய குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்ற இரண்டு சொற்கள் தெரிந்திருக்கும். மூட்டையை முன்னால் தள்ளி அடுக்கினால் பாரம் நுகத்தடி வழியாக மாட்டின் கழுத்தில் இறங்கும். நாலு மைல் போவதற்குள் கழுத்து புண்ணாகிவிடும். பின்னால் தள்ளி அடுக்கினால் நுகத்தடி மேலே தூக்கும், கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். ஆகவே வண்டிக்காரர் மூட்டை ஏற்றி முடித்ததும் நுகத்தடியைக் கையால் ஒருமுறை தூக்கிப் பார்ப்பார். கொஞ்சம் முன்பாரம் இருக்க வேண்டும், அதிகம் கூடாது. கனமாகத் தெரிந்தால் ஒரு மூட்டையைப் பின்னால் நகர்த்துவார். எடையில் ஒரு கிலோவும் மாறவில்லை, அது இருக்கும் இடம்தான் மாறியது. ஆனால் மாட்டுக்கு உயிர் வந்துவிடும்.

கமலையும் இதே அறிவில் பிறந்ததுதான். கிணற்று மேட்டில் உருளை இருக்கும். அதன் மேல் வடக்கயிறு, கயிற்றின் முனையில் சால். மாடுகள் சமதரையில் இழுக்காமல் சரிவில் கீழ்நோக்கி நடக்கும். ஓட்டுகிறவர் வடத்தின் மேலேயே உட்கார்ந்து கொள்வார். மாட்டின் எடையும் மனிதரின் எடையும் சேர்ந்து தண்ணீரை மேலே கொண்டுவரும். ஒன்றைத் தூக்க வேண்டும் என்றால் அதற்கு ஈடாக இன்னொன்று கீழே இறங்க வேண்டும் என்பதைப் பள்ளிக்கூடம் போகாமலே தெரிந்து வைத்திருந்தார்கள்.

பிறகு கிணறு ஆழமானது. வெட்டிய பாறையை மேலே கொண்டுவர, கிணற்று ஓரத்தில் இரும்புத் தூண் நட்டு, நீண்ட கை வைத்து, டீசல் இன்ஜினோடு இரும்பு உருளையைச் சேர்த்து ஒரு கிரேன் நிறுத்தினார்கள். வெடிச் சத்தத்துக்குப் பிறகு அதன் தொட்டி கிணற்றுக்குள் இறங்குவதை உங்களில் பலர் சிறுவயதில் வேடிக்கை பார்த்திருப்பீர்கள். அந்தக் கிரேனின் பின்பக்கம் பாறாங்கற்களை அடுக்கி வைத்திருப்பார்கள். அதை விளையாட்டுக்கு வைக்கவில்லை. தொட்டி கிணற்றுக்குள் தொங்கும்போது கிரேன் குப்புற விழாமல் பிடித்திருப்பது அந்தக் கல்தான்.

திருக்குறளில் வலியறிதல் அதிகாரத்தில், மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்ற கருத்து வருகிறது, 475ஆம் குறள். அரசனுக்குச் சொன்ன அறிவுரை அது. உவமை என்னவோ வண்டிப் பட்டறையிலிருந்துதான் வந்திருக்கிறது.

இனி டிராக்டருக்கு வருவோம்.

பெட்ரோலில் ஓடி, முன்னும் பின்னும் நகரக்கூடிய டிராக்டரை 1892-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜான் ஃப்ரோலிச் செய்தார். ஆனால் சாதாரண விவசாயி வாங்கும்படி டிராக்டரைப் பெருமளவில் செய்து கொடுத்தவர் ஹென்றி ஃபோர்டு. 1917-ல் அவருடைய ஃபோர்ட்சன் டிராக்டர் வந்தது. விலையைக் குறைக்க அவர் கையாண்ட வழியை நன்றாகக் கவனியுங்கள். லாரிக்கு இருப்பதுபோல அடியில் நீளமான சேஸ் அதற்குக் கிடையாது. இன்ஜின் வார்ப்பு, கியர் பெட்டி வார்ப்பு, பின் அச்சு வார்ப்பு மூன்றையும் வரிசையாக போல்ட் போட்டு முடுக்கினார்கள். அதுவே வண்டியின் உடம்பு. இன்றைக்கும் பெரும்பாலான டிராக்டர்களின் கட்டமைப்பு இதுதான்.

முன்னால் என்ன இருக்கிறது? இன்ஜினின் மூக்கில் ஒரு தாங்கி. அதன் கீழே ஒரே ஒரு நடு ஊசியில் முன் அச்சு தொங்குகிறது. மேடு பள்ளத்தில் ஒரு சக்கரம் ஏறி மறு சக்கரம் இறங்கினாலும் நான்கு சக்கரமும் தரையைத் தொட வேண்டும் என்பதற்காக அச்சு அந்த ஊசியில் ஊஞ்சல்போல ஆடும். உழுகிற வண்டிக்கு இது அருமையான ஏற்பாடு. பாரமெல்லாம் பின்னால் இருக்கும், இழுப்பதும் பின்சக்கரம்தான். முன்சக்கரத்துக்கு வழிகாட்டுவது மட்டுமே வேலை, அதனால் அதை மெலிதாகச் செய்தார்கள். பின்சக்கர ஓட்டமுள்ள டிராக்டரில், சும்மா நிற்கும்போது மொத்த எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் முன்னால் இருக்கும்.

அந்த ஃபோர்ட்சனுக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. கலப்பை பாறையிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால் பின்சக்கரம் நிற்காது. வண்டியின் மூக்கு மேலே எழும்பிப் பின்பக்கமாகக் கவிழ்ந்து ஓட்டுநரை அமுக்கிவிடும். பலர் செத்தார்கள். முன்பாரம் போதாமல் போனதால் வந்த ஆபத்து அது. நம் பட்டறைப் பையன்களின் கஷ்டத்துக்கு நேர் எதிரானது.

அதைத் தீர்த்தவர் ஹாரி ஃபெர்குசன். அயர்லாந்தின் டவுன் கவுண்டியில் 1884-ல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1909 டிசம்பர் 31 அன்று தானே செய்த விமானத்தில் பறந்து, அயர்லாந்தில் முதலில் பறந்தவர் என்ற பெயரை எடுத்தவர். முதல் உலகப் போர்க் காலத்தில் உணவு உற்பத்தியைப் பெருக்க அரசு அவரை டிராக்டர்களைக் கவனிக்கச் சொன்னது. வயல் வயலாகப் போய்ப் பார்த்தவருக்கு ஒன்று விளங்கியது. கலப்பையைச் சங்கிலி போட்டு இழுத்துக்கொண்டு போகக் கூடாது, அதை வண்டியின் உடம்போடு சேர்த்துவிட வேண்டும். கீழே இரண்டு கை, மேலே ஒரு கை, ஆக மூன்று புள்ளிகளில் கலப்பையைப் பிடித்து, ஹைட்ராலிக்கால் ஏற்றி இறக்கும் அமைப்பைப் படிப்படியாக உருவாக்கினார். அதற்கு 1926-ல் காப்புரிமை கிடைத்தது. இந்த அமைப்பில் கலப்பை மண்ணோடு மல்லுக்கட்டும்போது மேல் கை வண்டியை முன்னோக்கித் தள்ளும், மூக்கு எழும்பாது. கனமான வண்டி தேவைப்படாமல், இலேசான வண்டியே ஆழமாக உழுதது.

1938-ல் ஃபெர்குசனும் ஃபோர்டும் கை குலுக்கி ஒப்பந்தம் செய்தார்கள். எழுத்தில் ஒன்றுமில்லை. 1939-ல் அந்தக் கூட்டில் வண்டி வந்தது. 1947-ல் ஃபோர்டின் பேரன் ஒப்பந்தத்தை முறித்தார். வழக்கு நடந்து 1952-ல் ஃபெர்குசனுக்கு 92.5 லட்சம் டாலர் கிடைத்தது. எழுதி வாங்காத ஒப்பந்தம் என்ன பாடு படுத்தும் என்பதற்கும் இது நல்ல பாடம்! இதற்கிடையே 1946 முதல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் டிஇ-20 என்ற சாம்பல் நிறச் சின்ன டிராக்டர் வெளிவரத் தொடங்கியது. 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். 1953-ல் ஃபெர்குசன் நிறுவனம் மாசி-ஹாரிஸுடன் சேர்ந்தது. பின்னாளில் அதன் பெயர் மாசி ஃபெர்குசன் ஆனது.

அந்தப் பெயரைக் கேட்டதும் நமக்கு டாஃபே நினைவுக்கு வர வேண்டும். 1960-ல், நம் விருதுநகர் மண்ணின் மைந்தர் காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில், மாசி ஃபெர்குசனோடு சேர்ந்து சென்னையில் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. பிறகு நமக்குப் பக்கத்திலேயே மதுரை மாவட்டம் கல்லுப்பட்டியிலும் அதன் தொழிற்சாலை வந்தது. நம் கரிசல் காட்டில் ஓடுகிற சிவப்பு டிராக்டரின் பின்னால் இருக்கும் மூன்று கையும் அந்த அயர்லாந்துக்காரர் விட்டுப்போன சொத்து. எந்தக் கம்பெனி வண்டியானாலும், மினி டிராக்டர் உட்பட, பின்னால் அதே மூன்று கைதான்.

ஆக, முப்பது நாற்பது வருடம் மூளையைச் செலவழித்துப் பின்னால் தூக்குவதற்காகவே வடிவமைத்த வண்டி இது. அதை நாம் முன்னால் தூக்கச் சொல்கிறோம். சண்டை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

முன்னால் தூக்கச் சொன்ன முதல் ஆள் நாமில்லை. இங்கிலாந்தின் உட்டாக்ஸிட்டரில் ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்பவர் 1945 அக்டோபர் 23 அன்று, அவருடைய மகன் பிறந்த அதே நாளில், ஒரு சின்ன வாடகைக் கொட்டகையில் தொழில் தொடங்கினார். பழைய வெல்டிங் செட் ஒன்று, போரில் மிஞ்சிய இரும்பு, இவைதான் முதலீடு. முதலில் செய்தது ஒரு டிரெய்லர். அதைச் சந்தையில் 45 பவுண்டுக்கு விற்றார். 1949-ல் ஃபோர்ட்சன் மேஜர் டிராக்டரின் முன்னால் மாட்டுகிற லோடர் ஒன்றைச் செய்தார். நம் திருத்தங்கல் பையன் செய்கிற அதே வேலைதான். அவர் பெயரின் மூன்று முதலெழுத்துகளைச் சேர்த்துப் பாருங்கள்: ஜே, சி, பி. மஞ்சள் வண்டி எதுவானாலும் நம் ஊரில் ஜேசிபி என்றே சொல்கிறோமே, அது ஒரு பட்டறைக்காரரின் பெயர்.

1953-ல் அவர் வண்டியின் பின்னால் தோண்டும் கையையும் சேர்த்தார். முன்னால் அள்ளும் பக்கெட், பின்னால் தோண்டும் கை. 1979-ல் அந்த நிறுவனம் இந்தியாவுக்கு வந்து ஹரியானாவின் பல்லப்கரில் தொழிற்சாலை தொடங்கியது. அடுத்த தடவை ஜேசிபி முன்பக்கெட்டில் மண்ணை அள்ளித் தூக்கும்போது அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். மடித்து வைத்திருக்கும் தோண்டும் கை சும்மா இல்லை. முன்பாரத்துக்கு ஈடாக அது பின்பாரமாக நிற்கிறது. நம் கிணற்றுக் கிரேனின் பாறாங்கல் செய்த வேலையை இங்கே அது செய்கிறது.

இதே சிக்கலை வேறு வழியில் தீர்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ரோத்சே என்ற சிற்றூரில் சிரில் கெல்லர், லூயிஸ் கெல்லர் என்ற அண்ணன் தம்பி பட்டறை வைத்திருந்தார்கள். வான்கோழி வளர்க்கும் விவசாயி ஒருவருக்குக் கொட்டகையைச் சுத்தம் செய்ய இலேசான, சின்ன வண்டி தேவைப்பட்டது. தூண்களுக்கு நடுவே திரும்ப வேண்டும், மாடித் தளத்திலும் ஓட வேண்டும். 1957-ல் கெல்லர் சகோதரர்கள் மூன்று சக்கர வண்டி ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். இழுக்கிற இரண்டு சக்கரத்தையும் முன்னால், பக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். பின்னால் சும்மா சுழலும் ஒரு சக்கரம் மட்டும். மெலிந்த பக்கத்தைத் தடிமனாக்கிக் கொண்டிருக்காமல், வலுத்த பக்கத்தையே பாரத்துக்கு அடியில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அந்த வண்டியிலிருந்து வளர்ந்ததுதான் இன்று உலகமெங்கும் பாப்கேட் என்ற பெயரில் ஓடுகிற சின்ன லோடர்.

சிவகாசியில் இருக்கிறவர்கள் இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டாம். காகிதக் கிட்டங்கியில் ஃபோர்க்லிஃப்ட் ஓடுகிறதே, அதைப் பாருங்கள். பாரம் தூக்கும் பக்கம் இருக்கும் சக்கரம் பெரியது, திரும்பாது. திரும்பும் சக்கரம் பின்னால் இருக்கிறது. அதற்கு மேலே வண்டியின் பின்பக்கம் முழுக்கக் கெட்டி இரும்பு. அது அழகுக்கு வைத்ததில்லை, எதிர் எடை.

இப்போது ஏழாம் வகுப்பு நெம்புகோல் பாடத்துக்கு வாருங்கள். ஸ்கேலுக்கு அடியில் பென்சில், இரண்டு முனையிலும் அழிரப்பர், ஞாபகம் இருக்கிறதா? அதே கணக்கை மினி டிராக்டரில் போடுவோம்.

வண்டியின் எடை 800 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் அச்சில் 270, பின் அச்சில் 530. இரண்டு அச்சுக்கும் இடையே தூரம் ஒன்றரை மீட்டர். முன் அச்சிலிருந்து ஒரு மீட்டர் முன்னால், பக்கெட்டின் எடையும் சேர்த்து 300 கிலோ தொங்குகிறது. முன் அச்சில் எவ்வளவு கூடும்? 300 என்று சொன்னால் தவறு. பின் அச்சை ஊன்றுபுள்ளியாக வையுங்கள். பாரம் அதிலிருந்து இரண்டரை மீட்டரில் இருக்கிறது, முன் அச்சு ஒன்றரை மீட்டரில். 300-ஐ இரண்டரையால் பெருக்கி ஒன்றரையால் வகுத்தால் 500. ஆக முன் அச்சின் மேல் 270-க்குப் பதிலாக 770 கிலோ. பின் அச்சில் 200 குறைந்து 330.

முன்னால் ஏறக்குறைய மூன்று மடங்கு. அதுவும் சமதரையில் அசையாமல் நிற்கும்போது. வாய்க்காலில் ஒரு சக்கரம் 'தொம்' என்று இறங்கினால் அந்த நொடியில் இன்னும் எவ்வளவோ கூடும். இதுதான் அச்சை வளைக்கிறது. பின்னால் எடை குறைந்துபோவதால், பின்சக்கர வண்டியில் இழுவையும் போகும், பிரேக்கும் சரியாகப் பிடிக்காது.

சரி, பின்னால் எடை வைப்போம். பின் அச்சிலிருந்து ஒரு மீட்டர் பின்னால், மூன்று கையிலும் 200 கிலோ தொங்கவிடுங்கள். முன் அச்சிலிருந்து 133 கிலோ இறங்கிவிடும். பின் அச்சில் 333 ஏறும். இப்போது முன்னால் 637, பின்னால் 663. இரண்டும் ஏறக்குறைய சமம். முன் அச்சில் ஒரு துண்டு இரும்பும் ஒட்டாமலே 133 கிலோவை அதன் தோளிலிருந்து இறக்கிவிட்டோம். வண்டிக்காரர் ஒரு மூட்டையைப் பின்னால் நகர்த்தினாரே, அதே கணக்கு.

பின் டயரில் தண்ணீர் நிரப்புகிறோமே, அது போதாதா என்று கேட்பீர்கள். அது நல்லதுதான், பின்சக்கரம் தூக்காமல் இருக்கும். ஆனால் அந்த எடை பின் அச்சின் மேலேயே உட்காருகிறது. ஊன்றுபுள்ளியின் மேல் வைத்த அழிரப்பர் எந்தப் பக்கத்தையும் தூக்காது. முன் அச்சின் சுமை குறைய வேண்டுமென்றால் எடை பின் அச்சுக்குப் பின்னால் தள்ளி இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம் முக்கியமானது, உயிர் சம்பந்தப்பட்டது. முன் அச்சு நடு ஊசியில் ஆடுகிறது என்றேன். அப்படியானால் வண்டி நான்கு காலில் நிற்கவில்லை. பின்சக்கரம் இரண்டு, முன்னால் அந்த ஊசி ஒன்று, ஆக ஒரு முக்காலி. ஆடுகிற அச்சு அதன் எல்லையில் போய் முட்டும் வரைக்கும், முன்சக்கரத்தை எவ்வளவு அகலமாக வைத்தாலும் சாய்வதைத் தடுக்காது. பாரத்தை முன்னால் கொண்டுபோகக் கொண்டுபோக, முக்காலியின் ஒடுங்கிய மூலைக்குப் போகிறோம். உயரத் தூக்கினால் இன்னும் மோசம். அதோடு பின்சக்கரமும் இலேசாகிவிட்டால் வரப்பு ஓரத்தில் ஒரு சின்னத் திருப்பம் போதும், வண்டி படுத்துவிடும். ஆகவே பாரத்தோடு நகரும்போது பக்கெட் முழங்கால் உயரத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

இனி, முன்பக்கத்தை எப்படிப் பலப்படுத்துவது? கேட்ட தம்பிகளுக்காக வரிசையாகச் சொல்கிறேன். பட்டறை வேலை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். விட்டுப்போனதை நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் லோடரின் சட்டம். அதை இன்ஜின் மூக்கில் மட்டும் போல்ட் போட்டு நிறுத்தாதீர்கள். சேஸ் இல்லாத வண்டி என்பதை மறக்க வேண்டாம். இரண்டு பக்கமும் சேனலைப் பின் அச்சு வார்ப்பு வரை கொண்டுபோய்ச் சேருங்கள். இல்லாவிட்டால் பாரம் முழுவதும் இன்ஜினையும் கியர் பெட்டியையும் இணைக்கிற போல்ட்டுகளைப் பிய்க்கும். அச்சு வளைந்தால் சில ஆயிரத்தில் முடியும். வார்ப்பு விண்டால் வண்டியே போச்சு.

இரண்டாவது நடு ஊசியும் அதன் புஷ்ஷும். முன்பாரம் முழுவதும் அந்த ஒற்றை ஊசியில்தான் இறங்குகிறது. தேய்ந்து ஆட்டம் கொடுத்த புஷ்ஷை மாற்றாமல் அச்சைத் தடிமனாக்குவது வீண். தினமும் கிரீஸ் அடிக்க வேண்டும்.

மூன்றாவது அச்சு. நடுவில் பாரம், இரண்டு ஓரத்திலும் சக்கரம் என்பதால் அச்சின் கீழ்ப்பக்கம் இழுபடும், மேல்பக்கம் அமுங்கும். எனவே கீழ்ப்பக்கம் பட்டை கொடுத்து, பெட்டிபோல மூடுவது பலன் தரும். வெல்டிங்கை நீளவாக்கில் ஓட்டுங்கள். அதிகம் இழுபடுகிற நடுப்பகுதியில் குறுக்கே வெல்டிங் போட்டால் அந்தக் கோட்டிலேயே விரிசல் தொடங்கும். வார்ப்பிரும்பு அச்சாக இருந்தால் வெல்டிங் ராடையே தூக்காதீர்கள். நான்கு சக்கர ஓட்டமுள்ள மினி டிராக்டர்களில் முன் அச்சுக்குள்ளேயே பல்சக்கரங்கள் ஓடுவதால் அதிலும் வெல்டிங் கூடாது, வெளியே தாங்கல் சட்டம்தான் வழி.

நான்காவது ஸ்டப் ஆக்சில். சக்கரம் மாட்டுகிற அந்தக் குட்டை அச்சுதான் பெரும்பாலும் முதலில் வளைகிறது. அதைப் பதப்படுத்திச் செய்திருப்பார்கள். வெல்டிங் சூடு பட்டால் அந்தப் பதம் போய்விடும். பெரிய அளவில் வேண்டுமென்றால் இஎன்-19 போன்ற நல்ல எஃகில் லேத்தில் கடைந்து புதிதாகவே போடுங்கள். அதற்குத் தகுந்த பேரிங், ஹப், அதிக ப்ளை உள்ள டயர் எல்லாம் சேர்ந்து வர வேண்டும். ஒன்றை மட்டும் பலப்படுத்தினால் அடுத்தது உடையும்.

ஐந்தாவது ரிலீஃப் வால்வு. வண்டி தாங்கும் அளவைப் பம்ப்பு அறியாது, முடிந்த மட்டும் தூக்கும். இவ்வளவுக்கு மேல் தூக்காதே என்று அதற்குச் சொல்வது அந்த வால்வுதான். முன் அச்சு தாங்கும் எடைக்கு அதை வைத்து மூடிவிடுங்கள். தூக்க மாட்டேன் என்கிறது என்று ஓட்டுகிறவர் வந்து கேட்டாலும் திருகைத் தொடாதீர்கள்.

ஆறாவது பின்னால் எதிர் எடை. ஒன்றரை அடி நீளம், அகலம், உயரத்தில் கான்கிரீட் கட்டி ஊற்றினால் சுமார் 225 கிலோ வரும். ஊற்றும்போதே மூன்று கையும் மாட்ட ஊசிகளைப் பதித்துவிடுங்கள். சிமெண்டும் ஜல்லியும் சேர்த்து ஆகிற செலவு, வளைந்த அச்சை ஒருமுறை மாற்றுகிற செலவில் சிறு பங்குகூட இருக்காது. லோடரைக் கழற்றும்போது இந்தக் கட்டியையும் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் மேட்டில் ஏறும்போது மூக்கு எழும்பும், பழைய ஃபோர்ட்சன் கதை திரும்பும்.

கடைசியாகத் தோப்பு வைத்திருக்கும் உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். மாங்காய் பறிக்கவும் தென்னை மட்டை வெட்டவும் ஆளைப் பக்கெட்டில் ஏற்றித் தூக்குகிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். ஹைட்ராலிக் குழாய் ஒன்று வெடித்தால் பக்கெட் மெதுவாக இறங்காது, அப்படியே விழும். தூக்கிய பக்கெட்டுக்கு அடியில் நின்று கிரீஸ் அடிப்பதும் அதே ஆபத்துதான். பக்கெட்டைத் தரையில் வைத்துவிட்டுத்தான் கீழே குனிய வேண்டும். வெடி ஆலைகளில் ஒரு நொடி அசட்டையால் குடும்பங்கள் என்ன ஆகின்றன என்று பார்த்துப் பார்த்துக் கண் நீர் வற்றிய ஊர் நம் ஊர். தோப்பிலும் அந்த நிலை நமக்கு வேண்டாம்.

பாம்ஃபோர்டு, கெல்லர் சகோதரர்கள், நம் கிணற்றுக் கிரேன் செய்த பெயர் தெரியாத ஆசாரிகள், எல்லாருமே பட்டறைக்காரர்கள்தான். அவர்களுடைய வண்டி நின்றதற்குக் காரணம் இரும்பின் கனம் மட்டுமில்லை. முன்னால் ஒன்றைத் தூக்கும்போது பின்னால் எது பிடித்திருக்கிறது, பாரம் எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்பதை முதலில் யோசித்தார்கள். நீங்களும் அந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள். இரும்பின் கனத்தைப் பிறகு பார்க்கலாம்.

எதிர் எடை செய்து மாட்டியவர்கள் படமும் அளவும் கருத்துப் பகுதியில் போடுங்கள், மற்றவர்களுக்கு உதவும். உங்கள் தாத்தா வண்டி ஓட்டியவராக இருந்தால் முன்பாரம், பின்பாரம் பற்றி அவர் சொன்னதையும் எழுதுங்கள். அந்தச் சொற்களெல்லாம் மறைந்துகொண்டே வருகின்றன.

எல்லாரும் நலமாக இருங்கள்.